நின்ற படிப்பைத் தொடர்தல்



பட்டயப் படிப்பு முடிந்ததும் வேலைக்குச் சென்ற இளைஞர், கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே மணமாகிப் புகுந்த வீடு சென்ற பெண், தந்தையின் நிலத்தைக் கவனிக்க ஊர் திரும்பிய மகன் ஆகியோர் பல குடும்பங்களிலும் உண்டு. அவர்களைப் பற்றி, "படிப்பு நின்றுவிட்டது" என்று வீட்டார் கூறுவர். நின்றது வகுப்பறைக்குச் செல்வது மட்டுமே.

1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. முறையான ஒப்புதலுடன் இவ்வழியில் பெறும் பட்டம், நேரடிக் கல்லூரிப் பட்டத்திற்கு இணையானது என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் மீண்டும் தெளிவுபடுத்தியது. ஆகவே, "தபால் பட்டம்தானே" என்னும் ஏளனத்திற்கு இனி இடமில்லை.

பலர் இடையில் கைவிடுவதற்குக் காரணம் பாடத்தின் கடுமையன்று. நேரக் கணக்கை முன்னரே பாராமையே. ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 கிரெடிட் எனில், மொத்தம் 3,600 மணி நேரம். மூன்றே ஆண்டுகளில் முடிக்க நாள்தோறும் மூன்றேகால் மணி நேரத்திற்கு மேல் வேண்டும். கைக்குழந்தையுள்ள தாய்க்கு இது எளிதன்று. ஆயினும் இந்திரா காந்திப் பல்கலைக்கழகம் இத்தகைய பட்டத்திற்கு ஆறாண்டுகள் வரை இடம் தருகிறது. அவ்வாறு விரித்துக்கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மணி 40 நிமிடம் போதும். அந்நேரத்தில் அடுக்களையையும் குழந்தையையும் வேறொருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். கட்டணத்தை மகிழ்வுடன் செலுத்தும் குடும்பங்கள்கூட இந்த நேரத்தைத் தர மறந்துவிடுகின்றன.

அங்கே பெரும்பாலான பாடங்களில் 30 விழுக்காடு மதிப்பெண் வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கும், 70 விழுக்காடு ஜூன், டிசம்பர் மாதங்களில் நடைபெறும் தேர்வுகளுக்கும் உரியது. ஒப்படைப்பைப் பிறர் தாளைப் பார்த்து எழுதுவோர் தேர்வில் தடுமாறுவதில் வியப்பில்லை.

சுவாத்தியாயத்தை வாசித்தல், வினவுதல், சிந்தித்தல், மீள ஓதுதல், பிறர்க்கு உரைத்தல் என ஐந்தாக வகுத்தனர் ஆன்றோர். தொலைநிலை மாணவர் முதலாவதைச் செய்கின்றனர். இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். கற்றல் மையத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வினவுதற்கென்றே அமைந்தது. பேருந்துக் கட்டணத்தை எண்ணி அதனைத் தவிர்ப்பது தவறான சிக்கனம்.

சேருமுன் சில எச்சரிக்கைகள் வேண்டும். நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருப்பது போதாது; குறிப்பிட்ட பாடத்திட்டத்திற்கு, சேரும் அந்த ஆண்டிற்கு, மானியக் குழுவின் ஒப்புதல் உண்டா என்பதை அதன் இணையதளத்திலேயே பார்க்க வேண்டும். மருத்துவம், பொறியியல், சட்டம் போன்றவற்றைத் தொலைநிலையில் கற்பிக்க அனுமதியில்லை. அவ்வாறு விளம்பரம் வந்தால் விலகிவிடலாம். முன்பு கல்லூரியில் முடித்த பருவங்கள் கணக்கில் கொள்ளப்படுமா என்பதையும் எழுத்து மூலம் கேட்டறிதல் நன்று. முகவரின் வாய்மொழி செல்லாது.

தேர்வுக்கு முந்தைய மாதங்களான மே, நவம்பரில், அறக்கட்டளையின் மண்டபம் மாலை வேளைகளில் பெரும்பாலும் வெறுமையாகவே உள்ளது. நான்கு நாற்காலிகள், நல்ல விளக்கு, அதே பாடத்தை முன்பு முடித்த ஒருவர் இருந்தால், வினவுதலை அங்கேயே தொடங்கலாம்.