பொது என்றால் யாருக்குப் பொது?

(சின்னசேலத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



ஊரில் நடக்கும் பொதுக் காரியங்களில் இதுவரை ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிற மக்களுக்கு என்ன இடம் இருக்கிறது, அந்த இடத்தை அவர்கள் எப்படி அடைவது என்பதைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "கூட்டத்துக்குப் போங்கள் என்று சொல்லுவதற்காகவா ஒரு கூட்டம் போட்டார்கள்?" என்று சில தோழர்கள் நினைக்கக் கூடும். சாமி உண்டா இல்லையா என்று தர்க்கம் செய்வதில் இருக்கிற ருசி இதில் இருக்காதுதான். ஆனாலும் அந்தத் தர்க்கத்தைவிட இது அவசரமான காரியமென்பது என் அபிப்பிராயம். சாமி எத்தனை நாளானாலும் காத்திருக்கும். காலனித் தெருவில் தேங்கி நிற்கிற சாக்கடை காத்திருக்காது.

முதலில் இந்தப் "பொது" என்கிற வார்த்தையைச் சற்று யோசித்துப் பாருங்கள். பொதுக் கிணறு என்கிறோம், பொதுச் சாவடி என்கிறோம், பொதுச் சுடுகாடு என்கிறோம். "ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்று பழமொழி வேறு வைத்திருக்கிறோம். அந்த ஊரில் சேரி சேர்ந்ததா? சேரியைக் கழித்துவிட்டு மிச்சமிருப்பதற்குத்தானே நம்முடைய நாட்டில் ஊர் என்று பெயர் வைத்தார்கள்! ஊர் வேறு, சேரி வேறு என்றான பிறகு, ஊர்ப் பொது என்றால் அது நாலு ஜாதிக்காரர்களுக்குள் பங்கு போட்டுக் கொண்ட தனிச் சொத்தே தவிர வேறென்ன? சேரி என்கிற பெயரைக் காலனி என்று மாற்றியதால் கணக்கு மாறிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம்.

சட்டத்தில் இல்லையா என்று கேட்பீர்கள். சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. 1924-ஆம் வருஷத்திலேயே சென்னைச் சட்டசபையில் ரெட்டைமலை சீனிவாசன் அவர்கள் தீர்மானம் கொண்டுவந்து, பொது ரோடுகளிலும், கிணறுகளிலும், சர்க்கார் கட்டிடங்களிலும் தாழ்த்தப்பட்ட மக்கள் தாராளமாகப் புழங்கலாமென்று உத்தரவு பிறந்துவிட்டது. அதே வருஷத்தில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதன் நடக்கலாமா கூடாதா என்று சத்தியாக்கிரகம் நடந்தது. 1950-இல் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையையே ஒழித்துவிட்டதாக எழுதி வைத்தது. எழுதியவர்களுடைய யோக்கியதையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எழுதியது காகிதத்திலே, நடப்பது தெருவிலே.

உங்கள் ஊரிலேயே ரயில் ஸ்டேஷன் இருக்கிறதே, அதையே எடுத்துக் கொள்ளுங்கள். டிக்கெட் வாங்கியவன் எவனும் பெஞ்சில் உட்காரலாம். பக்கத்தில் உட்காருகிறவன் என்ன ஜாதியென்று என்ஜின் கேட்பதில்லை. ஆனால் அந்த ரயில்வேக்காரர்களுடைய சாப்பாட்டுச் சாலைகளில் மாத்திரம் பார்ப்பனருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம் என்று வைத்திருந்தார்கள். சேர்ந்து பிரயாணம் செய்யலாம், சேர்ந்து காப்பி சாப்பிடக் கூடாது! பெரியாரும் இயக்கத் தோழர்களும் கிளர்ச்சி செய்த பிறகுதான் 1941-இல் அது ஒழிந்தது. பஸ்ஸிலும் இதே கதைதான். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மாட்டோமென்று பஸ் முதலாளிகள் துணிந்து நடந்த காலத்தில், இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராயிருந்த ஊ.பு.அ. சவுந்தரபாண்டியன் அவர்கள், ஏற்றாத பஸ்ஸுக்கு அனுமதி கிடையாதென்று உத்தரவு போட்டார். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய நமது முதல் மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரேதான். அவர் புண்ணியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை, லைசென்ஸைப் பிடித்தார். பஸ் ஓடிற்று, எல்லோரும் ஏறினார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நிற்க. இந்த வட்டாரத்திலேயே எடுத்தவாய்நத்தத்தில் நடந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 2023 ஜனவரி 2-ந் தேதி, வைகுண்ட ஏகாதசி அன்று, அதிகாரிகள் முன்னிலையில், போலீஸ் காவலோடு, தாழ்த்தப்பட்ட தோழர்கள் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் போனார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அவர்கள் போனது 1939 ஜூலையில். மதுரையிலிருந்து இங்கே வந்து சேர அந்த உரிமைக்கு 83 வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது! கால்நடையாகப் புறப்பட்டவன்கூட பத்து நாளில் வந்திருப்பான்.

கோயிலுக்குள் போனதால் மோட்சம் கிடைக்குமென்று நம்மில் யாரும் நம்பவில்லை. உள்ளே இருப்பது கல் என்பதே நம் கட்சி. ஆனால் "அந்தக் கல்லைப் பார்க்கிற யோக்கியதை உனக்கில்லை" என்று ஒருவன் சொன்னால், அவன் கல்லைப் பற்றிப் பேசவில்லை, நம்மைப் பற்றிப் பேசுகிறான். ஆகவே போனது சரி. என்னுடைய கேள்வி வேறு. கோயில் கதவு திறந்ததைப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. கோயிலைவிடப் பெரிய ஒரு கதவு, சட்டப்படி பூட்டே இல்லாத ஒரு கதவு, வருஷத்தில் ஆறு தடவை ஒவ்வொரு ஊரிலும் திறக்கப்படுகிறது. அதன் வழியாக நம்மவர்கள் எத்தனை பேர் போகிறோம்?

கிராம சபையைத்தான் சொல்லுகிறேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று நாலு நாட்கள் முன்பே இருந்தன. மார்ச் 22, நவம்பர் 1 என்று பிறகு இரண்டைச் சேர்த்தார்கள். ஓட்டர் ஜாபிதாவில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினர். மிராசுதாருக்கு ஒரு குரல், மாடு மேய்க்கிறவருக்கும் ஒரு குரல். வரவு செலவு அங்கே படிக்கப்பட வேண்டும். வீடு யாருக்கு, தெருவிளக்கு எங்கே, குடிதண்ணீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு என்பதெல்லாம் அங்கே பேசப்பட வேண்டியவை. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேராவது வர வேண்டும். 3000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேற்பட்டால் 300 பேர். இன்னொன்று கேளுங்கள்: மத சம்பந்தமான எந்த வளாகத்திலும் அந்தக் கூட்டத்தை நடத்தக் கூடாதென்பது சர்க்கார் அனுப்புகிற சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. போன தடவை நடந்த இடத்திலேயே நடத்தாமல் சுழற்சி முறையில் இடம் மாற்ற வேண்டுமென்றும் இருக்கிறது. அதாவது காலனியிலும் நடத்தியாக வேண்டும். நகரவாசிகளுக்கும் பகுதி சபை என்ற ஏற்பாடு 2022 நவம்பர் 1 முதல் தொடங்கியிருக்கிறது. ஆகவே சின்னசேலம் பேரூராட்சி, கிராமமல்லவே என்று கடைத்தெருத் தோழர்கள் தப்பித்துக் கொள்ள முடியாது.

இவ்வளவும் இருந்து நடப்பதென்ன? தண்டோரா ஊர்த் தெருவோடு நின்றுவிடுகிறது. கூட்டம் காலை 11 மணிக்கு, கூலிக்காரன் வயலிலோ சூளையிலோ இருக்கிற நேரத்தில். வந்தவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். வராதவர்கள் வீட்டுக்கும் புத்தகம் போகிறதென்று ஊருக்கு ஊர் சொல்லக் கேட்கிறேன். "அவர்களுக்கு அக்கறையில்லை சார், கூப்பிட்டால் வருவதில்லை" என்று பிறகு சொல்லுகிறார்கள். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாதவனை அக்கறையில்லாதவனென்று சொல்லுவதைவிட அக்கிரமம் வேறில்லை. அவன் வர முடியாத நேரத்தில், அவன் உட்காரத் தயங்குகிற இடத்தில் நடத்திவிட்டு, வரவில்லையென்று குற்றம் சாட்டுவது, காலைக் கட்டிவிட்டு ஓடவில்லையென்று சிரிப்பதற்குச் சமானம்.

பயம் என்பதும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நாணயமாகாது. மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் அவர்களை 1997 ஜூனில் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தாழ்த்தப்பட்டவர் தலைவராக உட்காரக் கூடாதென்று பத்து வருஷம், 2006 வரை, தேர்தலையே ஒழுங்காக நடக்க விடவில்லை. நமக்குப் பக்கத்துக் கடலூர் ஜில்லா தெற்குத்திட்டையில் 2020-இல், ஊராட்சித் தலைவியாயிருந்த தாழ்த்தப்பட்ட அம்மையாரைத் தரையில் உட்கார வைத்து மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்த படத்தைத் தேசமே பார்த்தது. நாற்காலி மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்தது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், அந்த நாற்காலியை விட்டுக் கொடுக்க ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டார்களென்று சொல்லட்டும்! பஞ்சாயத்துத் தலைவரையோ அங்கத்தினரையோ ஜாதி காரணமாக வேலை செய்யவிடாமல் தடுப்பது, மிரட்டுவது 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015-இல் செய்த திருத்தத்தில் இது தெளிவாகவே இருக்கிறது.

மலைத் தோழர்கள் சிலரும் இங்கே வந்திருக்கிறார்கள். கல்வராயன் மலையில் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். வெள்ளைக்காரன் 1947-இல் போனான். இந்த ஜாகீர் முடிவாக ஒழிந்தது 1976-இல்! இடையில் கிடந்த 29 வருஷம் எந்தக் கணக்கில் சேருமென்று தெரியவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் கிராம சபை என்பது மலையாளி மக்களுக்கு வேடிக்கை பார்க்கிற கூட்டமல்ல. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி, உழுகிற காட்டு நிலத்தின் மேல் பாத்தியதை கோருகிற காரியம் கிராம சபையில்தான் ஆரம்பமாக வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். அன்றைக்கு வீட்டில் இருந்துவிட்டால் நிலம் போய்விடும். தேர்த் திருவிழாவுக்கு மலையிலிருந்து இறங்கி வந்து, கடன் வாங்கி மொட்டையடித்துக் கொண்டு போகிற தோழர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 60-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலோர் கூலிக்காரர்கள். அவர்களுக்கு ஒழுக்கப் பிரசங்கம் செய்ய நான் வரவில்லை. அதைச் செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லுவது ஒன்றுதான். சாவு விழுந்த பிறகு அந்தத் தெருவுக்கு மந்திரிகள் வந்தார்கள், தலைவர்கள் வந்தார்கள், காமிரா வந்தது. அதற்கு முன்னால் வருஷம் 365 நாளும் அந்தத் தெருக்காரர்களைத் தேடி வந்தவன் யார்? சாராயம் விற்கிறவன் ஒருவன்தான். அந்தி சாய்ந்தால் உட்கார ஓர் இடம், கூட நாலு பேர், ஒரு பேச்சு. மனிதனுக்கு இது வேண்டும். இதைச் சமுதாயம் கொடுக்காவிட்டால் சாராயக்காரன் கொடுக்கிறான். படிப்பகம் ஒன்று, பத்திரிகை இரண்டு, பையன்கள் பந்து விளையாட ஒரு மைதானம், பெண்கள் கூடிப் பேச ஒரு கட்டிடம் இவைகளைத் தெருவுக்குத் தெரு கேட்பது ஆடம்பரமல்ல. 1948-இலேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்து, வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. குடியிருக்கிறவன் வாடகையிலும் அது சேர்ந்துதானிருக்கிறது. பணம் கொடுத்தவன் உள்ளே போகாமலிருப்பது எந்த ஊர் வியாபாரம்?

சிலர், "சுதந்திர தினத்தன்று கோயிலில் பொது விருந்து போடுகிறார்களே, அதில் எல்லோரும் சேர்ந்து உட்காரவில்லையா?" என்கிறார்கள். உட்காரட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் வருஷத்தில் ஒரு வேளை பாயசத்துக்குச் சமமாக உட்கார்ந்தவன், மறுநாள் வரவு செலவு படிக்கிற இடத்திலும் சமமாக உட்கார்ந்தானா என்றுதான் பார்க்க வேண்டும். இலை எடுத்ததும் சமத்துவத்தையும் சேர்த்து எடுத்துவிடுவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2016-இல் வந்த சட்டப்படி ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி இடம் உங்களுடையது. செங்கல்பட்டில் 1929-இல் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டபோது சிரித்தவர்கள் உண்டு. இப்போது யாரும் சிரிப்பதில்லை. அதற்குப் பதிலாக, ஜெயித்த அம்மாளை வீட்டில் வைத்துவிட்டு நாற்காலியில் புருஷன் உட்காருகிறார். கையெழுத்து மாத்திரம் அம்மாள் போடுகிறாராம்! கட்டை விரலுக்கு ஓட்டுப் போடவில்லை, தலைக்குத்தான் போட்டோம் என்று அடுத்த கூட்டத்தில் நீங்களே எழுந்து கேட்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? சவுந்தரபாண்டியன் அவர்களை ஞாபகம் வைத்துக் கொள்ளச் சொன்னேனே, அது இதற்காகத்தான். அவர் பிடித்தது லைசென்ஸை. நாம் பிடிக்க வேண்டியது தீர்மானப் புத்தகத்தை. தனியாகப் போகாதீர்கள்; பத்துப் பேர், இருபது பேர், அதில் பாதி பெண்கள் என்று சேர்ந்து போங்கள். நாற்காலி இருந்தால் நாற்காலியில், தரையென்றால் எல்லோருக்கும் தரை. அடுத்த கூட்டம் காலனியில் நடக்க வேண்டும், கூலிக்காரர் வரக்கூடிய நேரத்தில் நடக்க வேண்டும் என்பதை முதல் தீர்மானமாகக் கேளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். மனுவாக எழுதிக் கொடுத்து, அது புத்தகத்தில் ஏறுகிறவரை எழுந்து வராதீர்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பதைப் படித்த வாலிபத் தோழர்கள் தங்கள் வேலையாக எடுத்துக் கொள்ள வேண்டும். சினிமாக் கொட்டகைக்கு முன்னால் நிற்கிற நேரத்தில் பாதி போதும்.

கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து, 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, அந்தத் தீர்மானத்தின் நகல் வேண்டுமென்று எழுதிப் போடுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் அந்தப் பத்து ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. 30 நாளைக்குள் பதில் வர வேண்டும். நீங்கள் சொன்னது அந்த நகலில் இருந்தால் அதைப் படிப்பகத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். இல்லாவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு இருபது பேருக்குப் பதில் நாற்பது பேராகப் போய், அந்த நகலையே முதலில் உரக்கப் படியுங்கள்.