இருவருக்கும் ஒரே வக்கீலா?
(சங்கத்தின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊரை விட்டு வந்து உழைத்து வாங்கிய கடையை மனைவி பெயரில் எழுதிவைப்பது நம்மவர் வழக்கம். வருமானவரி நோட்டீஸ் வந்தால் எழும் முதல் கேள்வி: யார் போட்ட பணம்?

வரிக்கணக்கில் கணவனும் மனைவியும் தனித்தனி நபர்கள். ஆனால், கணவன் ஈடு பெறாமல் மனைவிக்குக் கொடுத்த சொத்தின் வருமானம் கணவன் கணக்கில் சேரும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 64ஆம் பிரிவாக இருந்த இந்த விதி 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. “என் நகையை விற்ற பணம்” என்றால் வரி மனைவி தலையில். “வீட்டுக்காரர் கொடுத்தது” என்றால் கணவன் தலையில். ஒருவரைக் காப்பாற்றும் பதில் மற்றவரை மாட்டிவிடும்!

இருவருக்கும் ஒரே வக்கீல் என்றால் யாரைக் காப்பார்? பீஸ் கொடுப்பவரையா? படிக்காமல் கையெழுத்திட்டவர் மனைவி. அபராத நோட்டீஸும் அவர் பெயருக்கே வரும்.

கட்சிக்காரரின் முடிவைப் பாதிக்கக்கூடிய தொடர்பை வக்கீல் தொடக்கத்திலேயே ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஒரு தரப்புக்கு வேலை செய்தவர் அதே வழக்கில் எதிர்த்தரப்புக்கு நிற்கலாகாது. இவை இந்திய பார் கவுன்சில் விதிகள்.

ஆகவே, வக்காலத்தில் கையெழுத்திடுமுன் கேளுங்கள்: “எங்கள் இருவர் பேச்சும் மோதினால் என்ன செய்வீர்கள்?” சரியான பதில் வராவிட்டால் மனைவிக்குத் தனி வக்கீல் வையுங்கள். காசில்லையே என்று கலங்கவேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்கள் இலவசச் சட்ட உதவி கோரலாம். மாவட்ட ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள்.

பத்திரத்தில் அவள் பெயரை எழுதிய தோழர்களே, வக்கீல் அறையிலும் அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்கள்!