மகளிர் என்பு வலிமை
(கீழ்வேளூரில் நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

மகளிர் உடல்நலம் குறித்துச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அது பரந்த பொருள். அதனுள் என்பின் வலிமை என்னும் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கின்றோம்.

உடற்கட்டுகள் ஏழு என வகுத்த சித்த மருத்துவ நூலார், சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு ஆகியவற்றை அடுத்து என்பினை வைத்தனர். செந்நீர் குறைந்தால் முகம் வெளிறும். ஊன் குறைந்தால் மேனி மெலியும். என்பு தேய்வதோ பிறர்க்கும் தெரியாது, உடையவர்க்கும் தெரியாது. கொல்லைப்புறத்து ஈரத்தில் ஒருநாள் பாட்டியார் கால் வழுக்கி விழுகின்றார். தொடையெலும்பின் கழுத்து முறிகின்றது. பல்லாண்டுகளாக ஓசையின்றி நடந்த தேய்வு அன்றுதான் வெளிப்படுகின்றது. அங்ஙனம் படுத்தவருட் பலர் முன்போல் எழுந்து நடமாடுவதில்லை. நாமோ, "வயதாயிற்று, விதி" என்று சொல்லி அமைகின்றோம். அவ்விதியில் ஒரு பெரும்பகுதி நம் அடுக்களையிலும் நம் வழக்கங்களிலும் எழுதப்பட்டது என்பதே யாம் இன்று சொல்ல வந்தது.

என்பு உயிரற்ற கல்லன்று. அது நாடோறும் சிறிது கரைந்தும் சிறிது கட்டப்பட்டும் வரும் உயிர்ப்பொருள். காவிரிக் கழனியில் வாழும் நமக்குப் பத்தாயத்தை உவமையாகக் கூறலாம். அறுவடைக் காலத்தில் நிரப்பிய நெல்லைக் கொண்டே கோடையைக் கழிக்கின்றோம். பெண்ணின் என்புப் பத்தாயம் பெரும்பாலும் இருபது வயதிற்குள் நிரம்பிவிடும். முப்பது வரை சிறிது சேரும். நம் நாட்டு மகளிர்க்கு 46, 47 வயதளவில் மாதவிடாய் நிற்கின்றது. அப்பொழுது ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைதலால், அடுத்த சில ஆண்டுகளில் சேமித்தது விரைந்து கரைகின்றது. ஆண்மக்கட்கு இத்துணை விரைவான இழப்பு இல்லை. ஆதலின், இளமையிற் குறைவாக நிரப்பிய பெண்ணே முதுமையில் முறிவுக்கு ஆளாகின்றாள்.

அந்நிரப்பும் பருவத்தில் நாம் செய்வது யாது? பெண் பூப்பெய்தியவுடன் அவளது ஓட்டத்தையும் பாண்டியாட்டத்தையும் நிறுத்துகின்றோம். நிறம் கருகும் என்று வெயிலை விலக்குகின்றோம். பாலைத் தம்பிக்கு ஊற்றி, நீர்மோரை அவளுக்கு ஊற்றுகின்றோம். சில நாள் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து, இடுப்பெலும்பு வலுத்தது என்று மகிழ்கின்றோம். உளுந்து நல்லதே, புரதம் தரும். ஆயினும் சில நாட் களி பல்லாண்டுக் குறையை நிரப்பாது. நல்லெண்ணெயிற் சுண்ணச்சத்தும் இல்லை; அச்சத்து எள்ளிலேயே உள்ளது.

வெயிலை விலக்குவதால் வரும் கேட்டுக்கு ஒரு சான்று காட்டுவோம். காத்லீன் வாகன் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், காச்மீரத்தில் தாம் கண்டவற்றைக் கொண்டு 1928-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டினுள் அடைபட்டிருந்த மகளிர்க்கு என்பு மென்மையுற்று இடுப்புக்கூடு குறுகி, மகப்பேறு உயிருக்கே இடராயிற்று. ஆனால் திறந்த வெளியில் உழைத்த படகோட்டிப் பெண்டிர்க்கும் வயல்வெளிப் பெண்டிர்க்கும் அந்நோய் அரிதாயிற்று. காரணம் வெயிலே. கதிரவன் ஒளி தோலிற் படும்பொழுது வைட்டமின் 'டி' உண்டாகின்றது. உண்ட சுண்ணச்சத்தைக் குடல் ஏற்றுக்கொள்ள அவ்வுயிர்ச்சத்து இன்றியமையாதது. கீழ்வேளூர் வெயிலுக்குக் குறைவில்லை. ஆயினும் கதவடைத்த வீட்டினுள் இருப்பவர்க்கு அதனாற் பயன் என்னை?

அங்ஙனமாயின் வெயிலில் உழைக்கும் ஏழை மகளிர்க்குக் குறையில்லையோ எனின், உண்டு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மருத்துவர் வீணா சத்ருக்னரும் அவர் குழுவினரும் வருவாய் குறைந்த மகளிரை ஆராய்ந்து, 2005-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அம்மகளிரின் என்பு அடர்த்தி குறைந்திருந்தது. அவர்கள் உண்ட சுண்ணச்சத்து, வேண்டும் அளவிற் பாதிக்கும் குறைவு. ஆகவே வெயிலும் உழைப்பும் மட்டும் போதா, உணவும் வேண்டும்.

இனி உணவைக் கூறுவோம். வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணச்சத்தும், பாலூட்டும் தாய்க்கும் மாதவிடாய் நின்றவர்க்கும் 1,200 மில்லிகிராமும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டில் வரையறுத்தது. நம் பெருமைக்குரிய வெள்ளரிசியில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் அளவே உண்டு. கேழ்வரகிலோ ஏறத்தாழ 350 உண்டு. பாலில் 120, முருங்கைக்கீரையில் 300-க்கு மேல், அகத்திக்கீரையில் 900-க்கு மேல், எள்ளில் 1,000-க்கு மேல்.

இவற்றுட் பொன் விலைக்கு வாங்க வேண்டுவது ஒன்றும் இல்லை. தடை விலையன்று, நம் மனமே. நெல் விளையும் நாட்டில் கேழ்வரகு ஏழைகளின் கூழ் என்று இகழப்பட்டது. விருந்தினர்க்கு அதனை இட்டால் குலப்பெருமை குறையும் என்று எண்ணுவோர் நம்முள்ளும் உளர். எள் நீத்தார் கடனுக்கு உரியது என்று ஒதுக்குவோரும் உளர். குலப்பெருமை இலையில் விழும் சோற்றின் வெண்மையில் இல்லை. அவ்வீட்டுப் பெண்கள் எழுபதாம் வயதில் நிமிர்ந்து நடப்பதில் உள்ளது என்பது எம் கருத்து.

கணக்கு எளிது. 75 கிராம் கேழ்வரகு மாவில் அடையோ கூழோ செய்தால் 260. பாலும் தயிருமாக 400 மில்லிலிட்டர் கொண்டால் 480. முருங்கைக்கீரை 50 கிராமில் 150. எள்ளுருண்டை ஒன்றில் உள்ள 10 கிராம் எள்ளில் 100-க்கு மேல். கூட்டினால் ஏறத்தாழ 1,000 ஆகிவிடும். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் அதன் சத்து உடலில் நன்கு சேரும். புலாலுண்ணும் இல்லத்தார்க்கு நாகைக் கடற்கரை நெத்திலி அருகிலேயே உண்டு, முள்ளோடு உண்க. என்புக்குப் புரதமும் வேண்டுதலின் பருப்பு, பயறு, முட்டை ஆகியவற்றையும் மறவற்க.

அடுத்தது உடற்பயிற்சி. என்பு தன்மேல் ஏறும் சுமைக்கு ஏற்ப வலுக்கும் இயல்பினது. உரலும் உலக்கையும் திருகையும் இருந்த இடத்தில் இன்று மின்பொறிகள் உள்ளன. பழையவற்றைத் திரும்பக் கொணர்க என்று யாம் சொல்லோம். அவை பெண்களை வருத்தியதும் உண்மை. ஆயினும் அவற்றோடு போன உடலுழைப்புக்கு ஈடு செய்தல் வேண்டும். சிறுமியர்க்குக் கயிறு தாண்டுதல், பாண்டி, கும்மி, கோலாட்டம் ஆகியன மிக நல்லன. குதித்தலே என்பை வளர்க்கும். நடுவயதினர் நாடோறும் அரைமணி விரைந்து நடக்க. நம்மூர்க் கேடிலியப்பர் கோயில் மாடக்கோயிலாதலின், இறைவனைக் காணப் படியேறியே செல்லல் வேண்டும். கால் வலியோர் நாள்தோறும் ஏறுக. காலை பத்து மணிக்குப் பின் இருபது நிமிடம் முகத்திலும் கைகளிலும் வெயில் படுக. முதியோர் கையூன்றாது நாற்காலியினின்று பலமுறை எழுந்து அமர்ந்து பழகுக. விழாமற் காக்கும் பயிற்சி அது. கொல்லையிலும் குளியலறையிலும் வழுக்காத தரையும் பிடிகம்பியும் விளக்கும் அமைத்தல் ஆண்மக்கள் கடன்.

உயரம் குறைந்தவரும், முதுகு கூனியவரும், சிறு விழுக்காட்டில் என்பு முறிந்தவரும் மருத்துவரைக் கண்டு என்பு அடர்த்திச் சோதனை செய்துகொள்க. தக்க மருந்துகள் இன்று உள்ளன. சுண்ணச்சத்து மாத்திரைகளை, சிறப்பாகச் சிறுநீரகக் குறையுடையோர், தாமே வாங்கி உண்ணற்க.

இறுதியாகச் சங்கத்திற்கு இரண்டு விண்ணப்பங்கள். நம் கூட்டங்களின் சிற்றுண்டியில் இனிக் கேழ்வரகுப் பண்டம் ஒன்றேனும் இடம்பெறுக. மஞ்சள் நீராட்டு விழாவிற்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியை, அப்பெண்ணுக்கு ஓராண்டு நாள்தோறும் பால் வழங்க ஒதுக்குமாறு ஒவ்வொரு குடும்பத்தாரையும் வேண்டித் தீர்மானம் நிறைவேற்றுக. தாய்மார்களே! எல்லார்க்கும் பரிமாறிய பின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தை இன்றிரவே விடுமின். மகளுக்கும் மருமகளுக்கும் உங்களுக்கும் பங்கு முதலிலேயே எடுத்து வையுங்கள்.