எண்ணெய் வற்றும், சொல் வற்றலாமா?

(தமிழாசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

 

முதியோர் நினைவுகளைக் காப்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். பொதுவாக நான்கு சொற் கூறி அமர்வதினும், ஒரு நாட்டின் செய்தியை எடுத்துக் காட்டுவதே பயன்தரும் எனக் கருதுகின்றேன். அந்நாடு தொலைவில் உள்ளது. எனினும் கேட்டபின் அதனைத் தொலைவென நீங்கள் கருதமாட்டீர்கள். வட அமெரிக்காவின் தென்கரையில், மிசிசிப்பி ஆறு கடலிற் கலக்குமிடத்தில் உள்ள இலூசியானா மாநிலத்தைச் சொல்கின்றேன். அதுவும் ஆறு கொணர்ந்த வண்டலால் ஆன நாடு. நெல் விளையும் நாடு. நிலத்தடியில் பாறைநெய் உடைய நாடு.

அக்கரையோரத்தில் வாழ்வோருள் ஒரு சாரார் கேசன் மக்கள். 1755-இல் தொடங்கி ஆங்கிலேயரால் அக்காடியா என்னும் கனடாப் பகுதியினின்று துரத்தப்பட்ட பிரெஞ்சு மொழியினரின் வழிவந்தோர் அவர்கள். மற்றொரு சாரார் ஊமா என்னும் தொல்குடியினர். அவர்களும் நாளடைவில் பிரெஞ்சையே வீட்டுமொழியாகக் கொண்டனர். அங்குள்ள சேற்றோடைகளுக்குப் 'பாயூ' என்று பெயர். அது சொக்டா என்னும் தொல்குடியினரின் சொல். பிரெஞ்சு பேசியோர் வாய்வழியே நிலைத்தது. குடி மறைந்த இடத்தும் சொல் நின்று சான்று கூறுவதை இதனால் அறிகின்றோம்.

இம்மக்களுக்கு 1921-இல் ஓர் இடி விழுந்தது. அவ்வாண்டு இயற்றிய மாநில அரசமைப்புச் சட்டம், அரசுப்பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என விதித்தது. வீட்டில் பிரெஞ்சன்றி வேறறியாத சிறுவர் பள்ளிக்குட் புகுந்ததும் ஊமையராயினர். தாய்மொழியில் ஒரு சொல் பேசினால் அடி. "பள்ளி வளாகத்திற் பிரெஞ்சு பேசமாட்டேன்" என்று பன்முறை எழுதும் ஒறுப்பு. சிறுநீர் கழிக்க இசைவு கேட்கவும் ஆங்கிலம் தெரியாது ஆடை நனைத்த பிள்ளைகள் உண்டு. அப்பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தாம் பட்டதைத் தம் மக்கள் படவேண்டா என்றெண்ணி, அம்மொழியை ஊட்டாது விட்டனர். 1968-இல் அம்மாநில அரசே பிரெஞ்சை வளர்க்க ஓர் அவையம் அமைத்தது. ஆனால் இடையில் ஒரு தலைமுறையின் நா கட்டுண்டு போயிற்று.

இதே காலத்தில்தான் பாறைநெய்த் தொழிலும் வந்தது. 1901 சனவரி 10-ஆம் நாள், அண்டை மாநிலமாகிய தெக்சாசில், இசுபிண்டில்டாப் என்னும் மேட்டில் பாறைநெய் பீறிட்டெழுந்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே இலூசியானாவின் செனிங்சு ஊரருகில் ஒரு நெல்வயலில் முதற்கிணறு ஊற்றெடுத்தது. 1947-இல், கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில், பதினெட்டடி ஆழமே உள்ள கடலிற் கிணறு தோண்டி நெய் கண்டனர். அந்தச் சேற்றோடைகளிலும் கடலிலும் வழிகாட்டியவர் யார்? இறால் பிடிப்போரும் படகோட்டிகளுமே. வரைபடத்தில் இல்லாத மணற்றிட்டுகளை அவர்கள் நெஞ்சில் வைத்திருந்தனர்.

அத்தொழிலாளர் வழங்கிய ஆங்கிலத் தொழிற்சொற்களைப் பாருங்கள். துரப்பணக் கோபுரத்தின் உச்சியில் ஒருவன் நின்று குழாய்களை அடுக்கும் தட்டுக்குக் 'குரங்குப் பலகை' என்று பெயர். குழாயை நிறுத்தும் துளைகள் 'எலிப்பொந்து', 'சுண்டெலிப்பொந்து'. பணியாளர் ஒதுங்கும் சிற்றறை 'நாய்க்கூடு'. இச்சொற்கள் எவ்வகராதிக் குழுவும் கூடி ஆக்கியவை அல்ல. சேற்றிலும் நெய்யிலும் நின்ற எளிய மக்கள் தம் வாழ்வினின்று எடுத்தவை. கலைச்சொல் ஆக்க எம்மொழிக்கும் ஆற்றலில்லை என்பார்க்கு இதனினும் மறுமொழி வேண்டுமோ?

இம்மக்களின் வாய்மொழியைக் காக்க வேண்டுமென்னும் எண்ணம் முதலில் தெக்சாசில் எழுந்தது. 1952-இல் தெக்சாசுப் பல்கலைக்கழகத்தார் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு, பழைய எண்ணெய்த் தொழிலாளரின் வீட்டுக் கதவுகளைத் தட்டினர். போட்ரைட்டு, ஓவன்சு என்னும் இருவர் அப்பணியில் முன்னின்றனர். அவர்கள் தொகுத்த நூல் 1970-இல் வெளிவந்தது. இலூசியானாவிலோ கடற்கிணற்றுத் தொழிலின் வாய்மொழி வரலாற்றைப் பெருமுயற்சியாகத் தொகுப்பது 2001-ஐ ஒட்டியே தொடங்கிற்று. நடுவணரசின் துறையொன்று பொருளுதவ, பல்கலைக்கழகங்கள் கூடிப் பல நூறு பேரின் உரைகளைப் பதிந்தன.

அவ்வகைப் பதிவுகளால் நாம் அறிவன எவை? குழுமங்களின் ஆண்டறிக்கைகளில் இத்தனை பீப்பாய், இத்தனை ஊதியம் என்ற கணக்கிருக்கும். ஏழுநாள் கடலிலும் ஏழுநாள் கரையிலுமாக வாழ்ந்தவனின் மனைவி, பிள்ளையின் காய்ச்சலையும் புயலின் வரவையும் தனியே எதிர்கொண்டது அவ்வறிக்கையில் இராது. நீர்மூழ்கித் தொழிலாளியின் மூட்டுவலி இராது. கறுப்பின மக்கள் நெடுங்காலம் நல்லூதியப் பணிகளினின்று விலக்கப்பட்டது ஒரு வரியாகவேனும் வருமோ, வாராதோ! அவற்றைப் பட்டவர் நாவன்றி வேறேடு இல்லை.

இனி, நிலத்தின் செய்தி. 1932-க்கும் 2016-க்கும் இடையில் அக்கரையோரம் ஏறத்தாழ 4,800 சதுரக் கிலோமீட்டர் நிலத்தைக் கடலுக்கு இழந்தது. கரணியங்கள் பல. ஆற்றுக்குக் கட்டிய கரைகள் வண்டலைத் தடுத்தன, எண்ணெய்க் குழுமங்கள் வெட்டிய வாய்க்கால்கள் உவர்நீரை உள்ளே விட்டுப் புல்லையும் மரத்தையும் அழித்தன, நிலமும் தாழ்ந்தது. தொல்குடியினர் வாழ்ந்த சான் சார்லசுத் தீவு, 1955-க்குப் பின் தன் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விழுக்காட்டை இழந்தது. 2022-இல் அவர்களுட் பலர் உள்நாட்டிற் புதுக்குடியிருப்புக்குச் சென்றனர்.

நிலம் போனால் பெயரும் போகும். 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க அரசின் கடல் வரைபடத் துறை, அம்மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட இடப்பெயர்களை நீக்கியது. 'மஞ்சட்பருத்திக் குடா' என்ற அழகிய பெயரும் அவற்றுள் ஒன்று. குடாவைச் சூழ்ந்த கரையே மறைந்தபின் குடா ஏது? வரைபடம் செய்தது பிழையன்று. ஆனால் அப்பெயர் இனி வாழுமிடம் முதியோர் வாய் ஒன்றே. அவ்வாயும் மூடுமுன் கேட்டாரா, அவர்தம் மொழியிலேயே கேட்டாரா என்பதே வினா. பிரெஞ்சில் வாழ்ந்த வாழ்வை ஆங்கிலத்திற் கேட்டால் பாதிதான் கிடைக்கும். மற்றைப் பாதி தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

உடன்பிறந்தீர்! இதனை ஏன் இங்குச் சொன்னேன்? நம் காவிரிப் படுகையும் எண்ணெய் எடுக்கும் மண். நரிமணத்திலும் கமலாபுரத்திலும் அடியக்கமங்கலத்திலும் குத்தாலத்திலும் கிணறுகள் உள்ளன. 1980-களில் அவ்வேலை பெருகியபோது நான் பள்ளிச் சிறுவன். எங்களூர்ப் பெரியவர் ஒருவர் தம் வயலின் ஒரு பகுதியைக் கிணற்றுக்குக் கொடுத்தவர். பிற்காலத்தில், அங்கிருந்த தாக்குகளின் பெயர்களை ஒருநாள் எனக்கு அடுக்கிச் சொன்னார். முதல் வண்டி வந்த நாளையும், இரவைப் பகலாக்கிய தீக்கொழுந்தையும், அவ்வெளிச்சத்தில் தம் மனைவி நாற்றுமுடி கட்டியதையும் சொன்னார். "தேர்வு முடியட்டும், ஐயா, குறிப்பேட்டோடு வருகிறேன்" என்றேன். "வா தம்பி, நான் எங்கே போகப்போறேன்?" என்றார். தேர்வு முடிந்தது, விடைத்தாள் திருத்தினேன், நான் போகுமுன் அவர் போய்விட்டார். அவர் சொன்னவற்றுள் 'ஆலடி நாலுமா', 'நரிமேட்டுத் தாக்கு' என்னும் இரண்டு பெயர்களே என் நினைவில் உள்ளன. மற்றவற்றை இழந்தது நான். எவர்மீதும் இக்குற்றத்தை ஏற்றுவதற்கில்லை.

ஆதலின் உங்களை வேண்டுவது இதுவே. இன்று ஒவ்வொருவர் கையிலும் பேசி உள்ளது; 1952-இற் சுமந்த கருவியினும் அது மேலானது. எழுபது அகவை கடந்த ஒருவரிடம் செல்லுங்கள். அவர் இசைவு பெற்றுப் பதியுங்கள். "நன்றாக இருந்ததா?" என்று கேளாதீர், அதற்கு "ஆம்" என்பதோடு விடை முடியும். "அன்று விடியற்காலையில் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். இடைமறிக்காதீர். தமிழாசிரியர் என்னும் செருக்கில் அவர் கொச்சையைத் திருத்தாதீர். அவர் சொல்லைச் சொன்னபடியே எழுதுங்கள். தாக்கு, மடை, ஓடை, திட்டு ஆகியவற்றின் பெயர்களைத் தனியே குறியுங்கள். ஊர், நாள், பேசியவர் பெயர் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிப் பதியுங்கள். ஒரு படி அவர் வீட்டில், ஒரு படி பள்ளியில், ஒரு படி நூலகத்தில் இருக்கட்டும்.

பாறைநெய் உருவாகப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. சில பத்தாண்டுகளில் அதனை எடுத்துத் தீர்த்துவிடுகின்றோம். ஒரு முதியவரின் நினைவு உருவாக எண்பதாண்டு ஆகின்றது. அது தீர ஒரு மூச்சு போதும். வரும் ஞாயிறன்றே ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமருங்கள். தேர்வு முடியட்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.