அனுப்பவும் அழைக்கவும் அறிந்த ஊர்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சமயப் பணிக்கென அமைந்த சங்கத்திலே தேர்தற் கதை எதற்கென்று பெரியோர் சிலர் வினவக்கூடும். எக்கட்சிக்கும் நாம் வாக்குக் கேட்க வரவில்லை. நம் ஊரார் ஒருகாலத்திற் கைக்கொண்டிருந்த உரிமையொன்றைப் பற்றியே பேச வந்தோம்.

உடுப்பிட்டி என்ற பெயரில் ஒரு தொகுதி முதன்முதல் வாக்களித்தது 1960 மார்ச்சிலாகும். கரவெட்டியிற் பிறந்த அப்புக்காத்து மு. சிவசிதம்பரம் அவர்கள் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் வென்றார். அவ்வாண்டு ஜூலையிலும் 1965இலும் நம்மவர் அவரையே அனுப்பினர். 1968இல் அவர் உப சபாநாயகரானார்.

அத்துணைப் பதவி வகித்தவரை 1970இல் இதே தொகுதி தோற்கடித்தது. தமிழரசுக் கட்சியின் க. ஜெயக்கொடி வென்றார். பதவியைக் கண்டு வாக்காளர் மயங்கவில்லை. தோற்றவரும் ஒதுங்கிவிடவில்லை. 1972இல் இரு கட்சிகளும் ஒரே கூட்டணியிற் சேர்ந்தபோது, தம்மைத் தோற்கடித்தவர்களோடு ஒரே அணியில் நின்றார். விவாதத்தில் தோற்றவர் வென்றவருக்குக் கைகொடுத்த பின்னரே மேடையை விட்டிறங்க வேண்டுமென மிஷன் பாடசாலையில் நமக்குக் கற்பித்தார்கள். அப்பாடத்தின் பொருளை இவர் வரலாற்றிலே கண்டோம்.

1977இல் அவர் நல்லூரில் வென்றார். உடுப்பிட்டியில் அதே கூட்டணியின் த. இராசலிங்கம் வென்றார். 1989 ஜூலை 13இல் கொழும்பில் அமிர்தலிங்கம், யோகேஸ்வரன் ஆகியோர் சுட்டுக்கொல்லப்பட்ட வேளை, அவரும் படுகாயமுற்று உயிர் தப்பினார். 2001இல் தேசியப் பட்டியல் மூலம் மீண்டும் பாராளுமன்றம் சென்று, 2002 ஜூனிற் காலமானார்.

சபையோரே, உடுப்பிட்டி தனக்கென ஒருவரைத் தெரிந்தனுப்பிய கடைசித் தேர்தல் 1977ஆம் ஆண்டினதே. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. இன்று உடுப்பிட்டி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு பிரிவு மாத்திரமே. 2024இல் மாவட்டம் முழுவதற்கும் அறுவர் தெரிவாகினர். சிறு கட்சிகளுக்கும் இடங்கிடைப்பது இம்முறையின் நன்மை, அதை மறுக்கோம். ஆயினும் ஒழுங்கை திருத்தவோ கிணற்று நீரைப் பரிசோதிப்பிக்கவோ யாரிடம் போவதென்று கேட்டால், ஆறு வாசல்களையுங் காட்டுகிறார்கள். அறுவருக்கும் பொதுவான கடமை ஒருவருக்கும் உரியதாகாமற் போகிறது.

ஆகவே ஒன்றை வேண்டுகின்றோம். ஊர்க்குறைகளை நம் சங்கம் ஆண்டுதோறும் எழுதி அறுவருக்கும் அனுப்பட்டும். வந்த பதிலையும் வராத பதிலையும் இம்மண்டபத்திலே வாசிக்கட்டும். அடுத்த தேர்தலில் நமது மூன்று விருப்பு வாக்குகளை இடுமுன் அவ்வேட்டைப் புரட்டிப் பார்ப்போம். அனுப்பவும் திருப்பியழைக்கவும் அறிந்திருந்த ஊர், கேட்கவும் அறியட்டும்.