பாம்பு வளர்ப்பில் பெயரும் பொருளும்



கலைச்சொல் பற்றிய உரைக்குப் பாம்புகளைச் சான்றாகக் கொண்டு வந்துள்ளேன். நிறத்துக்காகவும் உடற்கோலத்துக்காகவும் பாம்புகளை இணைசேர்த்து வளர்ப்போர், பிறக்கும் புதுவகை ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டுகின்றனர். ஒரு பெயர் எதைச் சொல்லவேண்டும் என்னும் வினாவுக்கு அப்பெயர்கள் நல்ல பாடம்.

அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழும் சோளப் பாம்பை முதலில் எடுத்துக்கொள்வோம். செம்மஞ்சள் உடலும், கருங்கரையிட்ட செந்நிறத் திட்டுகளும் அதன் இயல்பு. கருநிறமி அற்ற வகையொன்றும் செந்நிறமி அற்ற வகையொன்றும் அதில் உண்டு. இரண்டும் ஒடுங்கு பண்புகள். இவ்விரண்டையும் இணைத்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் அனைத்தும் இயல்பான நிறத்தில் பிறக்கும். அவற்றைத் தம்முள் இணைத்தால், மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட கணக்கே வெளிப்படும். சராசரியாக 16 குட்டிகளுள் 9 இயல்பானவை. 3 கருநிறமி அற்றவை. 3 செந்நிறமி அற்றவை. ஒன்று மட்டும் இரண்டும் அற்றது. வெளிறிய அக்குட்டியைப் ‘பனி’ எனும் பொருளில் ‘ஸ்நோ’ என்கின்றனர். பெற்றோரின் பெயர்கள் காரணப்பெயர்கள். பிள்ளையின் பெயரோ உவமையாகுபெயர். இங்கு அதனால் தீங்கில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பில் நிலைமை வேறு. அதில் ‘ஸ்பைடர்’ என்னும் ஓங்கு பண்பு, உடற்கோலத்தை வலைபோல் மெலிதாக்குகின்றது. ‘பாஸ்டல்’ என்னும் பண்பு மஞ்சளை மிகுவிக்கின்றது. இரண்டும் ஒரே குட்டியில் கூடினால் அதற்கு, மஞ்சளும் கறுப்பும் கலந்த வண்டின் பெயரால், ‘பம்பிள்பீ’ என்று பெயர். ஆனால் ஸ்பைடர் மரபணு உட்செவியின் அமைப்பையும் கெடுக்கின்றது. தலை நடுங்கும், ஒருபுறம் சாயும், சில பாம்புகள் இரையைக் குறிதவறிக் கொத்தும். கோலத்தை வைத்துக்கொண்டு குறையை மட்டும் நீக்க வளர்ப்போரால் இயலவில்லை. பம்பிள்பீயிலும் அக்குறை தொடர்கின்றது. பெயரைக் கேட்டு வாங்குவோர்க்கு வண்டின் அழகு தெரியும். பாம்பின் தள்ளாட்டம் தெரியாது.

ஆசிரியர்கள் கருதவேண்டியது இன்னொன்று. ‘ஓங்கு’ என்றதும் உயர்ந்தது, நலமானது என்று மாணவர் கொள்வர். பெற்றோருள் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் பண்பு என்பதுதான் அதன் பொருள். ஸ்பைடர் ஓங்கு பண்பே. நோயைத் தருவதும் அதுவே. இவ்வொரு சான்றை வகுப்பில் சொன்னால் அம்மயக்கம் தெளியும்.

ஆகவே, பெயரைக் கற்பிக்கும்போது அது விட்டுவைத்ததையும் சேர்த்துக் கற்பியுங்கள். மாணவர்களே, அழகிய பெயரொன்றைக் கேட்டால் அதன் பெற்றோர் யாவை என்று வினவுங்கள்.