சொல்லைக் கண்ணால் பார்த்துப் படிப்போம்

(கொட்டகலை தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கிய களைப்போடு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியானது. ஆனாலும் ஒரு கடிதமோ, விண்ணப்பப் படிவமோ சிங்களத்தில் வந்தால், வாசித்துச் சொல்ல ஆள் தேடி லயம் லயமாக அலைகிறோம். உரிமையைக் கேட்பதை விடக்கூடாது. அதோடு நம் பிள்ளைகள் சிங்களமும் ஆங்கிலமும் படித்துக்கொள்ளவும் வேண்டும். டியூஷனுக்குக் காசில்லையே என்பீர்கள். வீட்டில் ஒரு ஸ்மார்ட் போன் இருந்தால் மூன்று வேலை செய்யலாம்.

முதலாவது, படத் தேடல். கூகுளில் ஒரு சிங்களச் சொல்லையோ ஆங்கிலச் சொல்லையோ அடித்து, படங்கள் என்ற இடத்தைத் தொடுங்கள். கொழுந்துக்குச் சிங்களத்தில் 'தளு' என்பார்கள். சொல்லும் படமும் ஒன்றாகப் பார்த்தால் மனதில் நிற்கும். கொழுந்து என்றால் என்ன என்று நாம் பிள்ளைக்கு அகராதி பார்த்தா சொன்னோம்? கையில் கொடுத்துத்தானே சொன்னோம்!

இரண்டாவது, தமிழ் விக்சனரி. 2004இல் தொடங்கிய இலவச அகராதி இது. பல சொற்களுக்குப் படமும் உண்டு. யாரும் சொல் சேர்க்கலாம். பிரட்டு, கவ்வாத்து என்று நம்மவர் வாயில் புழங்கும் சொற்களை நம் பிள்ளைகளே விளக்கி எழுதலாமே.

மூன்றாவது, சொல் மேகம். 2008இல் ஜொனதன் ஃபெயின்பெர்க் என்பவர் 'வேர்டில்' என்ற கருவியை வெளியிட்டார். அது போல இப்போது பல இலவசக் கருவிகள் உண்டு. ஆங்கிலப் பாடமொன்றை அதில் போட்டால், அடிக்கடி வரும் சொல் பெரிதாகவும், மற்றவை சிறிதாகவும் தெரியும். பெரிய சொற்களை முதலில் படித்தால் பாடம் பாதி விளங்கிவிடும். தமிழில் ஒரு சிக்கல் உண்டு. வீடு, வீட்டில், வீட்டுக்கு என்பவற்றைக் கருவி வேறு வேறு சொல்லாக எண்ணும். பிள்ளையே அவற்றை ஒன்றாக வட்டமிடட்டும். அதுவே இலக்கணப் பாடம்.

கருவி இலவசமானாலும் டேட்டாவுக்குக் காசு போகும். மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஒரு போனில் பார்த்து, கொப்பியில் படம் வரைந்து எழுதட்டும். சின்னப் பிள்ளையிடம் போனைத் தனியே கொடுக்க வேண்டாம். கூகுள் மொழிபெயர்ப்பில் 2014 முதல் சிங்களமும் இருக்கிறது. ஆனால் மருந்தின் அளவை அதில் பார்க்காதீர்கள். டொக்டரிடமோ மருந்து கொடுப்பவரிடமோ கேளுங்கள்.

'எனக்கு எழுத்தே தெரியாதே' என்று எந்த அம்மாவும் ஒதுங்க வேண்டாம். படத்தில் இருப்பது கவ்வாத்துக் கத்தியா, புல்வெட்டுக் கத்தியா என்று சொல்ல உங்களை விட்டால் யார்? நீங்கள் தமிழில் சொல்லுங்கள், பிள்ளை மற்ற இரண்டு மொழியிலும் சொல்லட்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் ஆசிரியர்கள் உருவாகும் பக்கம் இது. ஆனாலும் முதல் ஆசிரியர் வீட்டில்தான் இருக்கிறார்.

இன்று இரவே ஐந்து சொல் தொடங்குங்கள்.